ஃபிரிட்ஜுக்கு எத்தனை வி.ஏ. இன்வெர்ட்டர்? - புதுக்கோட்டைப் பக்கத்து மின்வெட்டு வரலாறு



எலெக்ட்ரிக்கல் படிக்கிற பையன் என்று தெரிந்தால் போதும், சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி "தம்பி, ஃபிரிட்ஜ் ஓடணும்னா எத்தனை வி.ஏ. இன்வெர்ட்டர் வாங்கணும்?" என்பதுதான். 600, 850, 1100, 1500 என்று கடையில் எண்கள் வரிசையாக நிற்கின்றன. அதில் எது என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டால் அவர்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்து எதுவும் ஆகாது என்பதை நம்ம மாவட்டம் ஒரு முறை அல்ல, மூன்று முறை பார்த்திருக்கிறது. 2008-ல் ஒரு மாதிரி, 2012-ல் ஒரு மாதிரி, 2018-ல் இன்னொரு மாதிரி. அந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் எந்த இன்வெர்ட்டர் என்ற கேள்விக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும். கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

கப்பலில் வந்த குளிர்

1833-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 டன் ஐஸ் கட்டியோடு கல்கத்தாவுக்குக் கிளம்பியது. குளிர்காலத்தில் உறைந்துபோன ஏரிகளில் அறுத்தெடுத்த ஐஸ் அது. அனுப்பியவர் ஃபிரெடெரிக் டியூடர். நான்கு மாதப் பயணம். வந்து சேரும்போது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. மீதி வழியிலேயே தண்ணீராகப் போய்விட்டது. அப்படியும் வியாபாரம் லாபம்தான்!

சென்னையில் அந்த ஐஸை வைப்பதற்காக 1842 வாக்கில் கட்டிய வட்டமான கட்டிடம்தான் கடற்கரையோரம் இருக்கும் ஐஸ் ஹவுஸ். 1897-ல் சுவாமி விவேகானந்தர் 9 நாள் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். உள்ளூரிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டதும் கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது.

அந்த 80 டன்னை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளிரையோ, மின்சாரத்தையோ, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டு போனாலும் சரி, ஒரு நேரத்திலிருந்து இன்னொரு நேரத்துக்கு எடுத்து வைத்தாலும் சரி, வழியில் ஒரு பங்கு கரைந்தே தீரும். இன்வெர்ட்டர் கதையும் அதேதான்.

புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்களின் தனி சமஸ்தானம். கடலோரத்தை விட்டுத் தள்ளியிருக்கும் நம்ம கிராமங்களுக்குக் குளிர் என்றால் மண்பானைதான். பானையின் சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை, கெட்டுப்போக எதுவும் இல்லை.

பானையிலிருந்து பெட்டிக்கு

ஃபிரிட்ஜ் செய்வதும் கிட்டத்தட்ட இதுவே. ஒரு திரவம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்கிறது. பானை அந்த ஆவியைக் காற்றில் விட்டுவிடும். ஃபிரிட்ஜ் அதை விடாமல் பிடித்து, அமுக்கி, மறுபடியும் திரவமாக்கி, மறுபடியும் சுற்றுக்கு அனுப்பும். இதற்கான காப்புரிமையை லண்டனில் ஜேக்கப் பெர்கின்ஸ் வாங்கியது 1834-ல். கல்கத்தாவுக்கு ஐஸ் கப்பல் வந்த அடுத்த வருடம்! அந்த அமுக்கும் வேலையைச் செய்வதுதான் கம்ப்ரஸர். ஃபிரிட்ஜில் கரண்ட் செலவெல்லாம் பெரும்பாலும் அதற்குத்தான்.

கம்ப்ரஸரே இல்லாத ஃபிரிட்ஜும் உண்டு. 1922-ல் ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் (நம்மைப் போல மாணவர்கள்தான், கவனிக்க!) அம்மோனியாவைச் சூடுபடுத்தியே குளிர் உண்டாக்கும் பெட்டியை உருவாக்கினார்கள். அடியில் ஒரு சின்னத் தீ எரிந்தால் மேலே ஐஸ் உறையும். எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதை உலகம் முழுக்க விற்றது. கேஸிலும் ஓடும், மண்ணெண்ணெயிலும் ஓடும். மேல்நாடுகளில் வீட்டையே வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்களே, அந்த மோட்டார் ஹோம் வண்டிகளில் பல காலம் இருந்தது இந்த வகைதான். கேஸ் சிலிண்டர் போதும், இன்வெர்ட்டர் வேண்டாம். இன்று பலர் வண்டியின் 12 வோல்ட் பேட்டரியிலேயே நேராக ஓடும் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்கு மாறிவிட்டார்கள். அதற்கும் இன்வெர்ட்டர் வேண்டாம். சாதாரண வீட்டு ஃபிரிட்ஜை வண்டியில் ஏற்றுகிறவர்களுக்குத்தான் நம்மைப் போலவே "எத்தனை வி.ஏ.?" என்ற தலைவலி.

இந்தியாவில் கோத்ரெஜ் ஃபிரிட்ஜ் செய்யத் தொடங்கியது 1958-ல். நம்ம கிராமங்களுக்கு அது வந்து சேர இன்னும் ரொம்ப வருடம் ஆனது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போனவர்கள் அனுப்பிய பணத்தில் கொஞ்சம், கல்யாணச் சீர்வரிசையில் கட்டில் பீரோவோடு சேர்ந்து கொஞ்சம் என்று வந்தது. வந்த பிறகு பால், மாவு, மீன் எல்லாம் உள்ளே போயின. கூடவே சர்க்கரை நோய்க்காரர்களின் இன்சுலினும் போனது. இது முக்கியம், பிறகு வருகிறேன்.

2008: முதல் பாடம், ஒரு நொடி

பேட்டரியில் இருக்கும் நேர்மின்சாரத்தை வீட்டுக்குத் தேவையான மாறுமின்சாரமாக மாற்றுவது இன்வெர்ட்டர். அந்தப் பெயர் 1920-களிலேயே பொறியியல் கட்டுரைகளில் வந்துவிட்டது. 1957-ல் தைரிஸ்டர், பிறகு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் என்று வந்த பிறகுதான் அது வீட்டு மூலையில் வைக்கும் அளவுக்குச் சின்னதானது.

தமிழ்நாட்டில் 2008-ல் மின்வெட்டு நேரப்படி வரத் தொடங்கியதும் இன்வெர்ட்டர் கடைகள் முளைத்தன. கீழ ராஜ வீதியில் நடந்தால் மைக்ரோடெக், லூமினஸ், சு-காம் என்று ஒரே பெயர்ப்பலகைகள். ஃபேன், டியூப்லைட்டுக்காகச் சின்ன இன்வெர்ட்டர் வாங்கியவர்கள் அதிலேயே ஃபிரிட்ஜையும் சொருகினார்கள். ஃபிரிட்ஜ் ஓடும்போது 120 வாட் தானே, 600 வி.ஏ. எதேஷ்டம் என்று கணக்கு. கம்ப்ரஸர் கிளம்பிய அந்த நொடியில் ஓவர்லோட் விளக்கு எரிந்து எல்லாம் அணைந்தது.

காரணம் எளிது. நிற்கும் மாட்டுவண்டியை நகர்த்த முதலில் எவ்வளவு தள்ள வேண்டும்? உருளத் தொடங்கிய பிறகு எவ்வளவு? மோட்டாரும் அப்படித்தான். ஓடும்போது சுமார் 1 ஆம்பியர் எடுக்கும் பழைய மாடல் கம்ப்ரஸர் கிளம்பும்போது 5 முதல் 8 மடங்கு வரை இழுக்கும். ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான். ஆனால் அந்த நேரத்தில் 230 வோல்ட்டில் 1,000 வி.ஏ.வுக்கு மேல் தாங்க வேண்டும். நல்ல இன்வெர்ட்டர் ஒரு கணத்துக்கு மட்டும் தன் அளவைவிட அதிகம் கொடுக்கும். ஏற்கெனவே ஃபேன், லைட் என்று பாதி பாரம் ஏறியிருந்தால் அந்த இடமும் இருக்காது.

இன்னும் இரண்டு விஷயம். அந்தக் காலத்து மலிவு இன்வெர்ட்டர்களில் பல 'ஸ்கொயர் வேவ்'. லைட்டுக்குப் பரவாயில்லை. மோட்டார் ஹம்ம்ம் என்று முனகும், சூடாகும். ஃபிரிட்ஜுக்கு 'சைன் வேவ்' தான் சரி. இரண்டாவது, வி.ஏ. வேறு, வாட் வேறு. 850 வி.ஏ. என்று அட்டையில் பெரிதாக இருக்கும். உள்ளே பொடி எழுத்தில் 650, 700 வாட் என்று இருக்கும். பாரத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தோடுதான்.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், 2008-ன் இரண்டு மணி நேர வெட்டுக்கு ஃபிரிட்ஜுக்கு இன்வெர்ட்டரே தேவையில்லை! கதவைத் திறக்காமல் வைத்தால் சாதாரண ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் வரை குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும்.

2012: இரண்டாம் பாடம், திரும்ப நிரம்பும் நேரம்

2011 தேர்தலில் மின்வெட்டு பெரிய பிரச்சாரப் பொருள். ஆட்சி மாறியது. அந்த வருடம் செப்டம்பரில் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் திட்டம் தொடங்கியது. ஃபேன் வந்தது, கரண்ட் வரவில்லை :-)

2012 கடைசியில் நிலைமை உச்சத்துக்குப் போனது. மாநிலத்தின் தேவைக்கும் உற்பத்திக்கும் நடுவே சுமார் 4,000 மெகாவாட் பள்ளம். செப்டம்பர் முடிந்ததும் காற்றாலைகள் ஓய்ந்துவிடும். வடக்கே மின்சாரம் இருந்தாலும் வாங்கிக் கொண்டுவரப் போதுமான கம்பித்தடம் இல்லை. தென்னக மின்கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு முழுதாக இணைந்ததே 2013 டிசம்பர் 31-ல்தான். சென்னைக்கு 2 மணி நேர வெட்டு என்றால் நம்ம மாதிரி மாவட்டங்களுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும்.

இங்கேதான் இன்வெர்ட்டர் தோற்றது. இந்தக் கணக்கைப் பாருங்கள்:

ஃபிரிட்ஜ் (ஓடுவதும் நிற்பதுமாகச் சராசரி) - 60 வாட்
2 ஃபேன் - 150 வாட்
2 டியூப்லைட் - 80 வாட்
மொத்தம் - 290 வாட்

மாற்றும்போது ஆகும் இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 30 ஆம்பியர் போகும். ஒரு மணி நேர வெட்டுக்கு 30 ஏ.எச். காலி. அடுத்த ஒரு மணி நேரம் கரண்ட் வருகிறது. இன்வெர்ட்டரின் சார்ஜர் 12 முதல் 15 ஆம்பியர் வேகத்தில்தான் நிரப்பும். அதாவது 30 எடுத்தோம், 15 கூடத் திரும்பவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் 15-க்கு மேல் கடன். 150 ஏ.எச். என்று எழுதியிருக்கும் பேட்டரியும் 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால்தான் 150. வேகமாக எடுத்தால் 100 வாக்கில் முடிந்துவிடும். காலையில் நிறைந்திருந்த பேட்டரி பொழுது சாயும்போது படுத்துவிடும். பரீட்சைக்குப் படிக்க விளக்கு வேண்டிய நேரத்தில் இன்வெர்ட்டர் கீ... கீ... என்று கத்தும்.

"சின்னதா வாங்கிட்டோம், பெருசா வாங்கலாம்" என்று பலர் 600-ஐக் கொடுத்துவிட்டு 1500 வாங்கினார்கள். வாங்கும் வேகம் மாறாமல் கொடுக்கும் திறனை மட்டும் கூட்டினால் என்ன ஆகும்? கூடுதல் பாரம் ஏற்றினால் இன்னும் சீக்கிரம் காலியாகும். அவ்வளவுதான்.

இதில் ஊருக்கே சேர்ந்த நஷ்டம் ஒன்று இருந்தது. பேட்டரியில் 100 யூனிட் ஊற்றினால் 70 வாக்கில்தான் திரும்ப வரும். கரண்ட் வந்த நொடியில் தெருவில் இருக்கும் எல்லா இன்வெர்ட்டரும் ஒரே நேரத்தில் குடிக்கத் தொடங்கும். பற்றாக்குறையிலிருந்து தப்பிக்க வாங்கிய பெட்டியே பற்றாக்குறையைக் கூட்டியது. வாங்க முடியாத வீட்டுக்காரரும் அந்தக் கூடுதல் சுமையின் பங்கை இருட்டில் உட்கார்ந்து கொடுத்தார். 1833 கப்பலில் கரைந்த 80 டன் ஞாபகம் வருகிறதா?

2018: மூன்றாம் பாடம், கஜா

2014-க்குப் பிறகு வெட்டு படிப்படியாகக் குறைந்தது. இன்வெர்ட்டர்களுக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவதைக்கூடப் பலர் மறந்துவிட்டார்கள். அப்போது வந்தது கஜா.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த புயல், உள்ளே வந்து நம்ம மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், கறம்பக்குடி, கந்தர்வகோட்டை என்று தென்னையும் பலாவும் விழாத தோப்பே இல்லை. புயல் தாக்கிய மாவட்டங்களில் விழுந்த மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து, இடுப்பளவு வயல் தண்ணீரில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படியும் உள் கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது.

முதல் நாளே எல்லா இன்வெர்ட்டரும் முடிந்தது. 600 வைத்திருந்தவரும் 1500 வைத்திருந்தவரும் ஒரே மாதிரி இருட்டில்தான். கடன் வாங்கியே காலம் தள்ளுகிறவருக்குக் கடன் கொடுக்கும் ஆள் ஊரைவிட்டே போனால் எப்படி இருக்கும்? அதுதான். பிறகு ஊருக்குள் வந்தது வாடகை ஜெனரேட்டர். வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு வந்து தண்ணீர்த் தொட்டி நிரப்பினார்கள், காசு வாங்கிக்கொண்டு செல்போன் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள்.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மீனோ பாலோ கவலையில்லை, அப்பத்தாவின் இன்சுலின் இருந்தது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் குப்பியைச் சுமார் 4 வாரம் வரை வெளியே வைக்கலாம், ஆனால் வெயில் படாத, சூடு ஏறாத இடமாக இருக்க வேண்டும். பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டி, நடுவில் ஈர மணல், உள்ளே பிளாஸ்டிக் டப்பாவில் குப்பிகள், மேலே ஈரத்துணி. அப்பத்தாவே செய்த ஏற்பாடு. கார்த்திகை மாதத்துக் குளிர்ந்த வானிலையும் கை கொடுத்தது. சித்திரை வெயிலில் இந்தப் புயல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜ் சொல்லும் வழி

ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி வைக்கும் பெட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? மேலே திறக்கும் பெட்டி, பெயர் ஐஸ் லைன்ட் ரெஃப்ரிஜிரேட்டர். சுவருக்குள் சுற்றிலும் தண்ணீர் இருக்கும், கரண்ட் இருக்கும்போது அது ஐஸாக உறைந்துகொள்ளும். ஒரு நாளில் 8 மணி நேரம் கரண்ட் வந்தால் போதும், மீதி 16 மணி நேரம் அந்த ஐஸே மருந்தைப் பாதுகாக்கும். மேலே திறப்பதால் குளிர் காற்று கொட்டிப் போகாது.

இதில் இருக்கும் புத்திசாலித்தனத்தைக் கவனியுங்கள். நாம் கரண்டைப் பேட்டரியில் சேமித்து, பிறகு அதைக் குளிராக மாற்றப் பார்க்கிறோம். அவர்கள் குளிரையே சேமிக்கிறார்கள். நடுவில் பேட்டரியும் இல்லை, இன்வெர்ட்டரும் இல்லை, கரைந்து போகும் பங்கும் குறைவு. 2012-ல் ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரம் கரண்ட் வந்தபோது, ஃபிரீசரில் நாலு பாட்டில் தண்ணீரை உறைய வைத்து, கதவை அடிக்கடி திறக்காமல் இருந்தாலே பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். இன்வெர்ட்டரை ஃபேனுக்கும் படிப்பு விளக்குக்கும் விட்டிருக்கலாம்.

அப்படியானால் எதை வாங்குவது?

மேலே சொன்ன மூன்று காலத்தையும் சேர்த்தால் ஒரு எல்லைக்கோடு தெரிகிறது. வெட்டு நான்கு மணி நேரத்துக்குக் குறைவா? ஃபிரிட்ஜுக்கு இன்வெர்ட்டர் தேவையில்லை. ஒரு நாளைத் தாண்டுமா? சாதாரண இன்வெர்ட்டர் போதாது. இரண்டுக்கும் நடுவே உள்ள நேரத்துக்குத்தான் அது உதவும். அந்த நடுவே உள்ள நேரத்துக்கு என் கணக்கு இது:

1. 190 லிட்டர் பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், 2 ஃபேன், 2 லைட் என்றால் 1100 வி.ஏ. சைன் வேவ், 150 ஏ.எச். பேட்டரி. இந்த 1100 ஓடுவதற்கு அல்ல, கிளம்பும் அந்த ஒரு நொடிக்கு. ஃபிரிட்ஜ் மட்டும் ஓடினால் 15 மணி நேரம் வாக்கில் வரும். எல்லாம் ஓடினால் 3 முதல் 4 மணி நேரம்.

2. 'இன்வெர்ட்டர் கம்ப்ரஸர்' என்று எழுதிய புது ஃபிரிட்ஜ் மெதுவாகக் கிளம்பும், அந்த இழுப்பு இல்லை. 850 போதும். (பெயரில் இன்வெர்ட்டர் இருப்பதால் கரண்ட் போனாலும் ஓடும் என்று நினைக்காதீர்கள், இது வேறு, அது வேறு!)

3. ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்றால் உள்ளே பனியைக் கரைக்கும் ஹீட்டர் அவ்வப்போது 200 வாட் அளவில் இழுக்கும். 1500-ம் இரண்டு பேட்டரியும் பாருங்கள்.

4. கரண்ட் போனதும் கம்ப்ரஸர் உடனே மறுபடி கிளம்பக்கூடாது. உள்ளே அழுத்தம் இறங்க 3 முதல் 5 நிமிடம் வேண்டும். டைம் டிலே உள்ள ஸ்டெபிலைசர் வைப்பது நல்லது.

5. பெரிய இன்வெர்ட்டர் வாங்கும் காசில் 75 வாட் ஃபேனை 30 வாட் ஃபேனாகவும், டியூப்லைட்டை எல்.இ.டி.யாகவும் மாற்றினால் அதே பேட்டரி இரண்டு மடங்கு நேரம் வரும்.

6. கடைக்காரரிடம் "எத்தனை வி.ஏ.?" என்று மட்டும் கேட்காமல் "சார்ஜிங் எத்தனை ஆம்பியர்? முழுசா நிரம்ப எத்தனை மணி நேரம்?" என்றும் கேளுங்கள்.

இன்னொரு கஜா வந்தால்? கூரையில் 500, 600 வாட் சோலார் பேனல் இருந்தால் ஒரு சின்ன ஃபிரிட்ஜைப் பகலில் ஓட்டி இரவுக்கும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். மழை மூடிய நாளில் அதுவும் ரொம்பக் குறைவாகத்தான் கொடுக்கும், புயல் காற்றில் பேனல் நிற்க வேண்டும் என்பதும் இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் இது ஆகாது. ஊருக்கு ஒரு இடம், அது பள்ளிக்கூடமோ, துணை சுகாதார நிலையமோ, அங்கே சோலாரில் ஓடும் ஒரு ஃபிரிட்ஜ் மருந்துக்கென்று இருந்தால், வாரக்கணக்கில் கரண்ட் இல்லாவிட்டாலும் யார் வீட்டு இன்சுலினும் கெடாது. 1500 வி.ஏ. வாங்க முடிந்த வீட்டுக்கும் அது உதவும், எதுவும் வாங்க முடியாத வீட்டுக்கும் உதவும். அதுவரை ஆளுக்கு ஒரு மண்சட்டியாவது பரணில் இருக்கட்டும்.